கொடைக்கானல் போகிறீர்களா? ஏரியிலிருந்து தொடங்குங்கள்

விடுமுறைக்கு ஊருக்கு வருபவர்கள் பலர் மதுரையில் வண்டி பிடித்து, காலையில் கொடைக்கானல் ஏறி மாலையில் இறங்கிவிடுகிறார்கள். அதற்குப் போகாமலே இருக்கலாம். இரண்டு இரவாவது தங்குங்கள்.

முதல் நாள் விடிந்ததும், படகுத்துறையில் கூட்டம் சேருமுன், ஏரியை ஒரு சுற்று நடந்துவிடுங்கள். ஐந்து கிலோமீட்டர் வரும். இது இயற்கை ஏரி இல்லை. மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடைகளைக் கரை போட்டு மறித்து உண்டாக்கியது. படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார்களாம். அதை எப்படித்தான் மலையேற்றினார்களோ!

ஏனென்றால் அப்போது சாலையே கிடையாது. 1845இல் மதுரை அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி வந்து இங்கே இரண்டு பங்களா கட்டினார்கள். அதற்குப் பிறகும் சுமார் எழுபது ஆண்டுகள், மலைச்சாலை வரும்வரை, அடிவாரத்திலிருந்து குதிரை, டோலி, இல்லாவிட்டால் நடைதான். ‘சன்னிசைட்’, ‘ஷெல்டன்’ என்று அந்த பங்களாக்களின் பெயர்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். டோலி சுமந்த நம்மவர்களின் பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குக் கட்டாயம் போகவேண்டும். 1936இல் இதைக் கட்டியவர் லீலாவதி இராமநாதன். ஐரோப்பிய வம்சத்தில் பிறந்து, சைவராகி, இலங்கைத் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர். கணவர் யாழ்ப்பாணத்தில் நிறுவிய மருதனார்மடம் இராமநாதன் கல்லூரியில் படித்த அம்மம்மா உங்கள் வீட்டில் இருந்தால், புறப்படுமுன் அவரிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். மேகம் இல்லாத நாளில் கோயிலிலிருந்து பழனி மலை தெரியும். குறிஞ்சி பூப்பது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 2018இல் பூத்தது, இனி 2030.

சரி, பயண விஷயம். 2024 மே முதல் கார், வேனில் போக இ-பாஸ் (இணையத்தில் பதிந்து எடுக்கும் அனுமதி) வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதியலாம். அரசுப் பேருந்தில் போனால் அது தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகாதீர்கள். ஏப்ரல், மே நெரிசல். அக்டோபர், நவம்பரில் மழை. ஏழாயிரம் அடி உயரம், அதனால் எந்த மாதமானாலும் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது மலைப்பூண்டு வாங்குங்கள், புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் சொந்தக்காரர் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். ஆஸ்திரேலியா திரும்புகிறவர்கள் பெட்டியில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்.