காற்றாலையும் ஹைட்ரஜன் சேமிப்பும்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் இடம் பார்ப்பது எப்படி?

ஆடிக்காற்றை மட்டும் நம்பி நிலம் வாங்காதீர்கள். 100 மீட்டர் உயரத்தில் ஓராண்டாவது அளந்து பாருங்கள்; வேகம் 10 சதவீதம் குறைந்தால் காற்றின் ஆற்றல் 27 சதவீதம் போய்விடும்.

அடுத்தது தண்ணீர். காற்றாலை மின்சாரத்தால் நீரைப் பிரித்துத்தான் ஹைட்ரஜனாகச் சேமிக்கிறோம். இங்கே சிக்கலே இதுதான். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 லிட்டர் தூய நீரும் சுமார் 55 யூனிட் மின்சாரமும் வேண்டும். இப்பகுதியின் பல போர்வெல்களில் உப்போடு ஃபுளோரைடும் அதிகம். ஆர்.ஓ., அயனி நீக்கம் (கரைந்த உப்பின் மிச்சத்தையும் எடுப்பது) இரண்டும் செய்யாமல், நீரைப் பிரிக்கும் எலக்ட்ரோலைசரில் விட்டால் அதனுள் இருக்கும் மெம்பரேன் (மெல்லிய சவ்வு) கெடும். ஆர்.ஓ. கழிவுநீரில் ஃபுளோரைடு இன்னும் செறிந்திருக்கும். ஏரியில் விடவே கூடாது.

ஹைட்ரஜனைத் திரும்ப மின்சாரமாக்கினால் முதலில் செலவிட்ட மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். துணைமின் நிலையம் அருகில் இருந்தால், முடிந்தவரை காற்றாலை மின்சாரத்தை நேரடியாக விற்பதே மேல்.

தேன்கனிக்கோட்டைப் பக்கமென்றால் யானை நடமாட்டத்தை வனத்துறையிடம் கேளுங்கள். தொப்பூர் கணவாய் வழியே காற்றாலையின் 60 மீட்டர் இறக்கை லாரியில் வருமானால், வளைவுகளை முன்பே அளந்துவிடுங்கள்.