வெரோனிகா மார்ஸ்: தாமதமாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளியில் படிக்கும் பெண் ஒருத்தி துப்பறிகிறாள் என்று ஒரே வரியில் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறுவர்களுக்குப் போடும் தொடர் மாதிரிதான் கேட்கும். "வெரோனிகா மார்ஸ்" என்ற அமெரிக்கத் தொடரைப் பலர் கண்டுகொள்ளாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். 2004 செப்டம்பரில் தொடங்கியது, 2007 மே மாதம் நிறுத்திவிட்டார்கள். ஆனால் ரசிகர்கள் விடவில்லை. 2014இல் படமாகவும் 2019இல் நான்காம் சீசனாகவும் திரும்ப வந்தது.

ஆக, இன்று புதிதாக வருபவர் முன்னால் 72 எபிசோட், ஒரு படம், இரண்டு நாவல், ஒரு குட்டி இணையத் தொடர் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று இல்லை. ஆனால் வரிசையை மாற்றினால் கதையே கெட்டுவிடும். கொலையாளி யார், யாருக்கு என்ன ஆகிறது என்பது எதையும் இந்தப் பதிவில் போட்டு உடைக்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

படி 1: தேடாதீர்கள்

பழைய தொடரைப் பார்ப்பவருக்கு முதல் எதிரி தேடுபொறிதான். ஒரு பாத்திரத்தின் பெயரைத் தட்டச்சு செய்யத் தொடங்கினாலே, அவருக்கு என்ன ஆகிறது என்பதைப் பரிந்துரை வரிசையே சொல்லிவிடும். ரசிகர்கள் நடத்தும் விக்கிப் பக்கங்கள் இன்னும் மோசம். படத்துக்குக் கீழேயே உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று எழுதியிருப்பார்கள். "இந்த நடிகரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே" என்று தோன்றினால் அப்படியே விட்டுவிடுங்கள். முதல் சீசனிலாவது.

ஓடிடி தளங்களில் எபிசோடுக்குக் கீழே வரும் இரண்டு வரிச் சுருக்கத்தையும் படிக்க வேண்டாம். முக்கியமாக, இரண்டாம் சீசனின் பட்டியலை இப்போதே திறந்து பார்க்காதீர்கள்.

படி 2: எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள்

இது நாட்டுக்கு நாடு, மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஜஸ்ட்வாட்ச் போன்ற தளத்தில் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்துத் தேடினால் போதும். பழைய டிவிடி வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: டிவிடிகள் எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்பதைக் குறிக்கும் ரீஜன் எண் உண்டு. அமெரிக்க டிவிடிகள் ரீஜன் 1, இந்தியாவுக்கு உரியது ரீஜன் 5. பிளேயர் எல்லா ரீஜனையும் ஏற்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் இதையே சொல்வேன். வசனம் அவ்வளவு வேகம். 2004ஆம் வருடத்து அமெரிக்க டிவி, சினிமாவை வைத்து வரும் கிண்டல்களில் பாதி புரியாது. புரியாவிட்டாலும் வழக்கு புரியும், நகருங்கள்.

படி 3: முதல் எபிசோடை மட்டும் முழுக் கவனத்தோடு பாருங்கள்

கையில் போனை வைத்துக்கொண்டு பார்க்கக் கூடாத எபிசோட் இது. 42 நிமிடத்துக்குள் ஒரு நாவலுக்கு உண்டான முன்கதையைத் திணித்திருக்கிறார்கள். (இதை உருவாக்கிய ராப் தாமஸ் முதலில் இதை இளைஞர் நாவலாகத்தான் யோசித்தார். அப்போது துப்பறிபவன் ஒரு பையன். அதே பெயரில் ஒரு பாடகரும் உண்டு, அவர் வேறு.)

முன்கதை இதுதான். கலிபோர்னியா கடற்கரையில் நெப்டியூன் என்ற கற்பனை ஊர். அங்கே நடுத்தர வர்க்கமே கிடையாது. ஒன்று கோடீஸ்வரர்கள், இல்லை அவர்களிடம் வேலை பார்ப்பவர்கள். பணக்காரப் பிள்ளைகளை அவர்கள் பகுதியின் அஞ்சல் குறியீடான 90909ஐ வைத்து "ஓ-நைனர்" என்கிறார்கள். வெரோனிகாவின் அப்பா கீத் மார்ஸ் அந்த மாவட்டத்தின் ஷெரிஃப், அதாவது தேர்தலில் ஜெயித்து வரும் காவல் தலைவர். வெரோனிகாவின் உயிர்த்தோழி லில்லி கேன் கொலை செய்யப்படுகிறாள். கீத் சந்தேகப்படுவது லில்லியின் அப்பா ஜேக் கேன்மீது. இணையத்தில் வீடியோ ஓட்டும் தொழில்நுட்பத்தால் கோடிகளைச் சேர்த்தவர், ஊரில் பாதிப் பேருக்குப் படியளப்பவர். ஊரே கீத்துக்கு எதிராகத் திரும்புகிறது, பதவி போகிறது. அப்புறம் வேறொருவன் நான்தான் கொன்றேன் என்று ஒப்புக்கொண்டு சிறைக்குப் போகிறான். அம்மா வீட்டை விட்டுப் போய்விடுகிறார். அப்பா பக்கம் நின்றதால் வெரோனிகா பள்ளியில் தனியாளாகிறாள். மாலையில் அப்பாவின் தனியார் துப்பறியும் அலுவலகத்தில் வேலை.

இவ்வளவும் நினைவுக் காட்சிகளாகத் துண்டு துண்டாக வரும். குழம்பாமல் இருக்க ஒரு சுலப வழி உண்டு: வெரோனிகாவுக்கு நீளமான கூந்தல் என்றால் அது கடந்த காலம், குட்டைக் கூந்தல் என்றால் நிகழ்காலம். லில்லி சிரித்துக்கொண்டு வந்தால் அது நினைவாகவோ கனவாகவோ இருக்கும். லில்லியாக நடித்தவர் அமாண்டா சைஃப்ரிட். சில நிமிடங்களே வருகிறார் என்றாலும் தொடர் முழுக்க அவர் இருப்பதுபோலவே தோன்றும்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விருந்தில் வெரோனிகாவுக்கு மயக்க மருந்து கொடுத்து யாரோ பாலியல் வன்முறை செய்திருக்கிறார்கள் என்பது முதல் எபிசோடிலேயே வருகிறது. காட்டுவது குறைவு, ஆனால் அதன் கனம் குறைவில்லை. வீட்டில் பிள்ளைகளோடு பார்க்க நினைப்பவர்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள்.

படி 4: ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள்

முதல் சீசன் 22 எபிசோட். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வழக்கு வந்து அன்றைக்கே முடியும்: காணாமல் போன நாய், ஏமாற்றிப் பறித்த பணம், யாரோ பரப்பிய வதந்தி. பின்னால் லில்லி கொலை மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும். சில எபிசோடில் அதற்கு இரண்டு நிமிடம்கூட ஒதுக்க மாட்டார்கள். அந்த இரண்டு நிமிடத்தில்தான் துப்பு இருக்கும்.

ஆகவே ஒரு தாளை எடுத்து, கொலை நடந்த அன்று யார் எங்கே இருந்ததாகச் சொல்கிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். லில்லியின் சகோதரனும் வெரோனிகாவின் முன்னாள் காதலனுமான டங்கன், லில்லியின் காதலன் லோகன் எக்கோல்ஸ், மோட்டார் பைக் கும்பலின் தலைவன் வீவில், கேன் குடும்பத்துப் பெரியவர்கள். இத்தனை பேர் போதும். புது நண்பன் வாலஸையும் கணினிப் பெண் மேக்கையும் சந்தேகப்பட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், அவர்கள் நம் பக்கம். இந்தத் தொடர் துப்பை மறைத்து வைத்து ஏமாற்றுவதில்லை. விடை தெரிந்தபின் தாளைத் திரும்பப் பார்த்தால் எல்லாம் கண் முன்னாலேயே இருந்திருக்கும்.

தாளில் எழுத முடியாத ஒன்றும் உண்டு. இந்தத் தொடரின் உயிர், அப்பாவும் மகளும் சமையலறையில் பேசிக்கொள்வது. வெரோனிகாவாக நடிக்கும் கிறிஸ்டன் பெல், கீத்தாக நடிக்கும் என்ரிகோ கொலன்டோனி இருவரும் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே இருப்பார்கள், நடுவில் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வேவு பார்ப்பார். பதின்வயதினர் தொடர்களில் பெற்றோர் முட்டாள்களாகவோ காணாமல் போனவர்களாகவோ இருப்பதே வழக்கம். கீத் அப்படி இல்லை. மகளைவிடத் தேர்ந்த துப்பறிவாளர், அது மகளுக்கும் தெரியும். கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும் இந்தத் தொடரைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள் என்றால் அது இவர்கள் இருவருக்காகத்தான் என்பது என் கணிப்பு.

படி 5: ஒரே மூச்சில் பார்க்காதீர்கள்

வாரம் ஒன்றாகப் பார்ப்பதற்கு எழுதிய தொடர் இது. ஒரே நாளில் எட்டு பார்த்தால் சின்ன வழக்குகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், சலித்துவிடும். நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு போதும். முதல் ஐந்தாறு எபிசோடில் பிடி கிடைக்காவிட்டாலும் பத்தாவது வரை பொறுங்கள். எக்கோல்ஸ் குடும்பத்துக் கிறிஸ்துமஸ் வரும் எபிசோட் அது.

விதிவிலக்கு கடைசி இரண்டு. 21ஆவது எபிசோட் அந்த விருந்து இரவைப் பலர் வாயால் திரும்பத் திரும்பச் சொல்லும். அதையும் 22ஐயும் ஒரே இருப்பில் பாருங்கள். மறுநாள் சீக்கிரம் எழ வேண்டிய இரவில் வேண்டாம்.

படி 6: இரண்டாம் சீசனுக்கு முன் இடைவெளி விடுங்கள்

முதல் சீசன் ஒரு முழுக் கதை. அதோடு நிறுத்தினாலும் நஷ்டமில்லை. இரண்டாவதிலும் 22 எபிசோட். பள்ளிப் பேருந்து ஒன்று மலைப்பாதையிலிருந்து கடலில் விழுவதில் தொடங்குகிறது. கூடவே பாலத்தின் மேல் ஒரு கொலை, ஊராட்சி அரசியல், நில வியாபாரம் என்று ஏகப்பட்ட நூல்கள். பலர் கழன்று கொள்வது இங்கேதான். தாள் இப்போது கட்டாயம். முடிச்சு அவிழும் விதம் முதல் சீசன் அளவுக்குக் கச்சிதம் இல்லை, ஆனால் கடைசி எபிசோட் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வைக்கும்.

படி 7: மூன்றாம் சீசனில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்

2006இல் யூபிஎன், டபிள்யூபி என்ற இரண்டு தொலைக்காட்சிகள் மூடப்பட்டு "தி சிடபிள்யூ" உருவானது. யூபிஎன்னில் ஓடிய இந்தத் தொடரும் அங்கே போனது, வெரோனிகா கல்லூரிக்குப் போனாள். பார்வையாளர்கள் ஆரம்பத்திலிருந்தே குறைவு. புதிதாக வருபவர்களும் நடுவில் சேர்ந்துகொள்ளட்டும் என்று, வருடம் முழுக்க ஒரே மர்மம் என்ற அமைப்பை உடைத்தார்கள். முதல் ஒன்பது எபிசோடுக்கு ஒரு வழக்கு, அடுத்த ஆறுக்கு இன்னொன்று, கடைசி ஐந்தும் தனித்தனி. முதல் வழக்கு கல்லூரி வளாகத்தில் தொடர்ந்து நடக்கும் பாலியல் வன்முறை பற்றியது, எல்லோருக்கும் ஒத்துவராது. இருபதாவது எபிசோடோடு பாதியில் விட்டதுபோல நிற்கும். அடுத்த சீசன் வரும் என்று நம்பி எடுத்த முடிவு அது.

சில ஆண்டுகள் தாண்டிக் குதித்து, வெரோனிகா எஃப்பிஐயில் புதிதாகச் சேர்ந்திருப்பதாக ஒரு மாதிரிக் காட்சியும் எடுத்துக் காட்டினார்கள். நிறுவனம் அசையவில்லை. மூன்றாம் சீசன் டிவிடியில் அது இருக்கிறது. வேடிக்கைக்குப் பார்க்கலாம், கதையோடு சேராது.

படி 8: அடுத்து படம்

நாயகியின் குடும்பப் பெயர் மார்ஸ் என்பதால், நிறுத்தாதீர்கள் என்று கேட்டு ரசிகர்கள் நிறுவனத்துக்கு ஆயிரக்கணக்கில் மார்ஸ் சாக்லேட் அனுப்பினார்கள். பலிக்கவில்லை. 2013 மார்ச்சில் ராப் தாமஸ், பொதுமக்களிடம் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் 20 லட்சம் டாலர் கேட்டார். ஒரு நாள் முடிவதற்குள் சேர்ந்துவிட்டது. கடைசியில் 91,000க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 57 லட்சம் டாலர் தந்தார்கள். சரியாக ஒரு வருடத்தில், 2014 மார்ச் 14 அன்று படம் வந்தது.

பணம் போட்டவர்களுக்காக எடுத்த படம் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரியும். பழைய முகங்கள் எல்லோரும் வந்து கையசைத்துவிட்டுப் போவார்கள். மூன்று சீசனையும் பார்க்காமல் இதைப் பார்த்தால் ஒன்றுமே ஒட்டாது.

படி 9: நான்காம் சீசனா, வேண்டாமா?

2019 ஜூலையில் ஹூலு என்ற அமெரிக்க ஓடிடி தளத்தில் எட்டு எபிசோடாக வந்தது. வசந்த விடுமுறைக் கூட்டத்தில் குண்டு வெடிக்கிறது. வெரோனிகா முப்பதுகளில் இருக்கிறாள், கீத்துக்கு வயதாகிறது. வழக்கு கச்சிதம், ஜே.கே. சிம்மன்ஸ் வரும் காட்சிகள் அருமை. ஆனால் கடைசி எபிசோட் ரசிகர்களை இரண்டாகப் பிளந்துவிட்டது. படத்தோடு கதை முடிந்தது என்று கதவைச் சாத்திக்கொண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

காதல் கதைக்காகத் தொடரைப் பார்த்தவராக இருந்தால் படத்தோடு நிறுத்துங்கள், மனம் நோகாது. குற்றமும் இருட்டும்தான் உங்களுக்குப் பிடித்தது என்றால் சில மாதம் கழித்து இதைப் பாருங்கள். படம் முடிந்த மறுநாளே மட்டும் வேண்டாம்.

ராப் தாமஸும் ஜெனிபர் கிரஹாமும் சேர்ந்து எழுதிய இரண்டு நாவல்கள் படத்துக்கும் நான்காம் சீசனுக்கும் நடுவில் வருபவை. படிக்காவிட்டாலும் நான்காம் சீசன் புரியும். குட்டி இணையத் தொடர், டிக் கசபிளாங்காஸ் என்ற வாயாடிப் பாத்திரத்தை வைத்துச் செய்த கேலி. டிக்கைப் பிடிக்காதவர்கள் தாராளமாகத் தவிர்க்கலாம். பிடித்தவர்கள் படத்துக்குப் பிறகு பாருங்கள்.