பேனாவும் விசைப்பலகையும்: எந்த வேலைக்கு எது, எப்படிப் பழகுவது

நாள் முழுவதும் விசைப்பலகையில் எழுதுபவர்களில் பெரும்பாலோர் தட்டச்சை முறையாகக் கற்றதில்லை. கையெழுத்தைப் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் முறையாகக் கற்றோம். இன்று அது பலருக்கும் கையொப்பம் இடுவதோடு நின்றுவிட்டது. அதிகம் செய்யும் வேலையைப் பழகாமலும், பழகிய வேலையைச் செய்யாமலும் இருக்கும் இந்த நிலையைச் சில வாரப் பயிற்சியால் மாற்ற முடியும். அதற்கு முதலில் எந்த வேலையை எதனிடம் ஒப்படைப்பது என்பதில் தெளிவு வேண்டும்.

எழுதத் தொடங்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வேலைக்கு வேகம் உதவுமா, நிதானம் உதவுமா? திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியவை, பிறருக்கு அனுப்ப வேண்டியவை, பின்னாளில் தேடி எடுக்க வேண்டியவை எல்லாம் தட்டச்சுக்கு உரியவை. மனத்தில் பதிய வேண்டிய பாடம், இன்னும் வடிவம் பெறாத யோசனை, அம்புக்குறியும் கட்டமும் கேட்கும் திட்டம் ஆகியவற்றைத் தாளில் தொடங்குவதே நல்லது. கை மெதுவாக எழுதுவதால் கேட்ட அனைத்தையும் எழுத முடிவதில்லை. எதை எழுதுவது, எதை விடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. புரிதல் பெரும்பாலும் அந்தத் தேர்வில்தான் நடக்கிறது.

இதைப் பற்றிப் பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற உளவியலாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் விரிவுரையைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்ய முனைந்தார்கள் என்றும், கருத்தைப் புரிந்து விடையளிக்க வேண்டிய கேள்விகளில் கையால் எழுதியவர்களைவிடப் பின்தங்கினார்கள் என்றும் அது கூறியது. பின்னர் வேறு ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது சொல்லுக்குச் சொல் தட்டும் போக்கு மீண்டும் தெரிந்தது. தேர்வு மதிப்பெண்ணில் இருந்த வேறுபாடு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. ஆகவே கருவியைக் குறை சொல்வதைவிட, அது தூண்டும் பழக்கத்தைக் கவனிப்பதே முறை. கூட்டத்திலோ வகுப்பிலோ தட்டச்சு செய்தே தீர வேண்டும் என்றால், பேசுபவர் ஒரு கருத்தை முடிக்கும் வரை விரல்களை எடுத்து வைத்துக்கொண்டு, முடித்தபின் உங்கள் சொற்களில் இரண்டு வரி எழுதுங்கள். பெயர், தேதி, எண் ஆகியவற்றை மட்டும் கேட்ட உடனே பதிந்துவிடலாம்.

இனித் தட்டச்சுப் பயிற்சி. இதில் முதல் இலக்கு வேகம் அன்று, விசைகளைப் பார்க்காமல் இருப்பது. கண் விசைக்கும் திரைக்கும் இடையில் அலையும் ஒவ்வொரு முறையும் எண்ணத்தின் இழை சற்று அறுபடுகிறது. பிழையும் தட்டிய பிறகுதான் தெரியவருகிறது. ஆங்கில எழுத்துகள் பொறித்த விசைப்பலகையில் எஃப், ஜே விசைகளை விரலால் தடவிப் பாருங்கள். இரண்டிலும் சிறு மேடு இருக்கும். இரு சுட்டுவிரல்களும் அவற்றின்மேல் அமர்ந்தால் மற்ற விரல்கள் நடு வரிசையில் தாமாக இடம் பிடிக்கும், கட்டைவிரல்கள் இடைவெளி விசைக்கு வரும். எந்த விசைக்குப் போனாலும் விரல் இந்த இருப்பிடத்துக்குத் திரும்ப வேண்டும்.

பத்து விரல் முறையை அப்படியே பின்பற்றினால்தான் வேகம் வரும் என்று நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. ஒரே விசையை எப்போதும் ஒரே விரலால் தட்டும் ஒழுங்கு இருந்தால், சொந்தமாகக் கற்றவர்களும் முறையாகக் கற்றவர்களுக்கு இணையாகத் தட்டுகிறார்கள் என்று பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். 2018-இல் அவர்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 1,68,000 பேரின் 13.6 கோடி விசைத் தட்டல்களை ஆராய்ந்தபோது, சராசரி வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 52 சொற்களாக இருந்தது. வேகமாகத் தட்டுபவர்கள் முந்தைய விசையிலிருந்து விரலை எடுக்கும் முன்பே அடுத்த விசையை அழுத்துகிறார்கள் என்பதும், அவர்களின் பிழைகள் குறைவு என்பதும் அதில் தெரிந்தன.

நாளுக்குக் கால் மணி நேரம் போதும். கைகளின்மேல் மெல்லிய துணியைப் போட்டுக்கொண்டு, பிழை வராத அளவுக்கு மெதுவாகத் தட்டுங்கள். பிழை வந்தால் அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றாமல் சொல் முழுவதையும் அழித்து மீண்டும் தட்டுங்கள், ஏனென்றால் விரல்கள் நினைவில் வைப்பது தனி எழுத்தைவிடச் சொல்லின் தொடர்ச்சியைத்தான். முதல் இரண்டு மூன்று வாரங்கள் உங்கள் பழைய வேகம்கூட இருக்காது. அவசர வேலை குவிந்திருக்கும் காலத்தில் தொடங்கினால் பழைய முறைக்கே ஓடிவிடுவீர்கள். சற்று ஓய்வான நாள்களைத் தேர்ந்தெடுங்கள்.

தமிழில் தட்டுபவர்களுக்குக் கூடுதலாக ஒரு முடிவு இருக்கிறது. ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி தட்டித் தமிழாக மாற்றும் முறை எளிதாகத் தொடங்கும். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் மனம் ஒருமுறை வேற்று எழுத்தில் கூட்டிப் பார்க்கிறது. நாள்தோறும் தமிழில் எழுதுபவர் 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறைக்கு மாறுவதையே நான் வலியுறுத்துவேன். அதில் உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கமும் இருப்பதால் இரு கைகளும் மாறிமாறி வேலை செய்கின்றன. ‘வணக்கம்’ என்று எழுத வ, ண, க, க, ம, புள்ளி என்று ஆறு தட்டல்கள் போதும். ககரத்தை இரண்டாம் முறை தட்டியதும் முதல் ககரத்துக்குப் புள்ளி தானே வந்துவிடும். ‘பந்து’, ‘பஞ்சு’ போன்ற சொற்களில் மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரும்போதும் அப்படியே. புள்ளி வேண்டாத இடத்தில் இரண்டு எழுத்துகளுக்கும் நடுவே அகரத்தைத் தட்ட வேண்டும். பழகும்போது கை தடுமாறும் இடம் ஒன்று உண்டு: ‘கொ’ என்பதைத் தாளில் எழுதும்போது கொம்பை முதலில் போடுகிறோம், இங்கே ககரத்தைத் தட்டிய பிறகுதான் ஒகரம். பழைய தட்டச்சுப் பொறியில் பழகியவர்களுக்கு இது இன்னும் கடினம், ஏனென்றால் அங்கேயும் கொம்புதான் முதலில்.

கைபேசியில் இரு கட்டைவிரல்களால் தட்டுங்கள். 37,000 பேரைக் கொண்டு 2019-இல் நடந்த ஓர் ஆய்வில் தானியங்கித் திருத்தம் வேகத்தைக் கூட்டியது. மேலே தோன்றும் சொற்களைத் தேடித் தொடுவது வேகத்தைக் குறைத்தது. அந்தப் பரிந்துரைகளில் எனக்கு வேறொரு கவலையும் இருக்கிறது. லகர, ளகர, ழகரத்தையும் ரகர, றகரத்தையும் கருவியே தேர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தால், சரியான எழுத்தைப் பார்த்து அடையாளம் காணும் திறன் மட்டும் மிஞ்சி, நினைவிலிருந்து எழுதும் திறன் தேய்ந்துவிடும். ஒலியைத் தட்டி எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் சீனத்திலும் ஜப்பானியத்திலும் இது அறிந்த சிக்கல். வாசிக்கத் தெரிந்த எழுத்தைக் கையால் எழுத முனையும்போது வடிவம் நினைவுக்கு வராமல் திணறுவோர் அங்கே பலர். தமிழுக்கும் அந்த நிலை வர விடக்கூடாது. வாரம் ஒருமுறையாவது யாரையாவது ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கையால் எழுதி, மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

விட்டுப்போன கையெழுத்தை மீட்பதற்கு அழகைத் துரத்த வேண்டாம், தெளிவு போதும். பேனாவை இறுக்கிப் பிடிப்பதுதான் கை வலிக்கு முதல் காரணம். கட்டைவிரலும் சுட்டுவிரலும் பிடிக்க, நடுவிரல் கீழே தாங்கட்டும். இன்னொரு கையால் மெல்ல இழுத்தால் பேனா நழுவி வரும் அளவுக்குப் பிடி தளர்வாக இருக்க வேண்டும். வலக்கையால் எழுதுபவர் தாளை இடப்பக்கம் சற்றுச் சாய்த்தும், இடக்கையால் எழுதுபவர் வலப்பக்கம் சாய்த்தும் வைத்தால் மணிக்கட்டு வளையாது. அழுத்தித் தேய்க்க வேண்டிய பேனாவை ஒதுக்கிவிட்டு, மை தாராளமாக இறங்கும் பேனாவைத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு உங்கள் பழைய குறிப்பு ஒன்றை எடுத்து, எந்த எழுத்து படிக்க முடியாமல் போகிறது என்று பாருங்கள். வேகத்தில் முதலில் தொலைவது பெரும்பாலும் புள்ளிதான். அடுத்து, காலும் ரகரமும் ஒன்றுபோல் ஆகிவிடும். ணகரச் சுழி ஒன்று குறைந்து னகரமாகத் தோன்றும். கெடும் எழுத்துகள் சிலவாகவே இருக்கும், அவை வரும் சொற்களை மட்டும் நிதானமாக எழுதிப் பழகினால் போதும். நோட்டு முழுக்க எழுதி நிரப்புவதில் பயனில்லை.

இரண்டு வேலைக்கும் உடல் ஒன்றே என்பதையும் மறக்க வேண்டாம். தட்டும்போது முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடிந்திருக்கட்டும், மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்தாதீர்கள், திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். விரலில் மரத்துப்போன உணர்வோ இரவில் மணிக்கட்டு வலியோ தொடர்ந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

தாளில் தொடங்கியதைத் தட்டச்சுக்கு மாற்றும்போது அப்படியே படியெடுக்காதீர்கள். ஒருமுறை வாசித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்து, நினைவிலிருந்து தட்டுங்கள்; பிறகு தாளோடு ஒப்பிட்டு விடுபட்டதைச் சேருங்கள். விடுபட்டவற்றில் பாதி தேவையற்றவை என்பது அப்போது தெரியும். கைக்குறிப்பின் பெரிய குறை தேட முடியாமைதான் என்பதால், ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தேதியும் பக்க எண்ணும் இட்டு, நோட்டின் கடைசி இரண்டு தாள்களைப் பொருளடக்கத்துக்கு ஒதுக்கி, எழுதிய அன்றே அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.