கல்யாணம் ஆகாத பெற்றோரின் குழந்தைக்குச் சட்டப்படி அப்பா பெயர்: எங்கே தொடங்குவது?

‘அப்பா பேரு சொல்லும்மா.’ பிரசவ வார்டில் படிவத்தோடு வருபவர் தலை நிமிராமல் கேட்கிற கேள்வி இது. தாலியும் ஏறவில்லை, பதிவும் இல்லை, ஆனாலும் அந்த ஆள் வராந்தாவில்தான் நிற்கிறார் என்றால் உங்கள் வேலை பாதி முடிந்தது. நிற்கவில்லை என்றால் இதைக் கடைசி வரை படியுங்கள். இலவச சட்ட உதவி மேசையில் உட்கார்ந்து அம்மாக்களிடம் வாயால் சொல்வதைத்தான் எழுதுகிறேன். எல்லாம் இந்தியச் சட்டப்படி.

படி 1: பிறப்பைப் பதிவு செய்யுங்கள்

21 நாளுக்குள் பதிந்தால் காசு கிடையாது. அவர் சம்மதித்தால் இருவரும் சேர்ந்தே போய்க் கையெழுத்துப் போட்டு, அவருடைய அடையாள அட்டை நகலையும் கொடுங்கள். அவர் வரவில்லை என்றால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். ‘சும்மா ஏதாவது பேரு’ என்று தாய்மாமன் பெயரைப் போட்டுவிட்டு, பத்து வருஷம் கழித்துத் திருத்த அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்யாணம் ஆகாத தாய் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் போதும், அப்பா பெயரைக் கேட்டு வற்புறுத்தாமல் சான்றிதழ் தர வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாஸ்போர்ட்டுக்கும் 2016 டிசம்பரிலிருந்து பெற்றோரில் ஒருவர் பெயர் போதும்.

படி 2: ஒப்புக்கொள்கிறாரா? எழுதி வாங்குங்கள்

முத்திரைத்தாளில் ‘இன்ன தேதியில், இன்ன மருத்துவமனையில் பிறந்த இந்தக் குழந்தைக்கு நான்தான் தந்தை’ என்று எழுதி, இரண்டு சாட்சிகள், நோட்டரி முத்திரை. இது தீர்ப்பு ஆகாது. ஆனால் நாளைக்கு அவர் பேச்சு மாறினால் உங்கள் கையில் இருக்கும் பலமான காகிதம் இதுதான். உறவு நன்றாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள், ‘என்னை நம்பலையா?’ என்று கேட்டாலும்.

இந்த இடத்தில் அம்மாக்கள் எல்லோரும் ஒரு கேள்வி கேட்பார்கள்: ‘பேரைப் போட்டா பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாரா?’ 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு முதல் இயற்கைக் காப்பாளர் தாய்தான். அவருக்குப் பிறகே தந்தை.

படி 3: மறுக்கிறாரா? ஆதாரம் சேருங்கள்

சிசேரியனுக்கு முன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது யார்? அவராக இருந்தால் அந்தக் கேஸ் ஷீட்டின் நகலை உடனே மனு போட்டு வாங்குங்கள். வீட்டு வாடகை ஒப்பந்தம், ஸ்கேன் ரசீது, பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், எல்லாம் உதவும். வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு போனை விற்றுவிடாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-ஆவது பிரிவுப்படி ஒரு சான்று இணைக்க வேண்டும். மூலப் போன் இல்லாமல் அதில் சிக்கல் வரும்.

இருவரும் பல வருஷம் கணவன் மனைவி போலவே ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தால் அதை வக்கீலிடம் முதலிலேயே சொல்லுங்கள். அப்படிப்பட்ட வாழ்க்கையைச் சட்டம் திருமணமாகவே அனுமானிக்கும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி சொன்னது. வழக்கே வேறு மாதிரி திரும்பும்.

படி 4: ஜீவனாம்ச மனு

‘நான்தான் தந்தை என்று அறிவிக்க வேண்டும்’ என்று பெரிய வழக்கோடு தொடங்காதீர்கள். என் கணக்கில் முதலில் ஜீவனாம்சம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு இப்போது புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144 ஆகியிருக்கிறது. எந்த மதமானாலும், திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் இதில் உரிமை உண்டு. குடும்ப நல நீதிமன்றத்தில் போடலாம். இருவரும் கடைசியாகச் சேர்ந்திருந்த ஊரிலேயே போட முடியும். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து கூடுமானவரை 60 நாளில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறை என்னவோ இழுக்கும்.

வக்கீல் பீஸ் பயம் வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேளுங்கள்.

படி 5: டிஎன்ஏ

தனியார் லேபில் ரகசியமாக எடுத்துக்கொண்டு வராதீர்கள். யாருடைய மாதிரி என்று எதிர்த்தரப்பு கேட்டால் பதில் இருக்காது. நீதிமன்றத்தில் தனி மனு போட வேண்டும். கேட்டவுடன் உத்தரவு வராது. முதலில் முகாந்திரம், அதாவது நம்பத்தக்க அடிப்படை ஆதாரம், காட்டணும் என்பது 1993 முதல் உள்ள விதி, படி 3 இதற்குத்தான். உத்தரவு வந்தும் அவர் மாதிரி கொடுக்க மறுத்தால், நீதிமன்றம் அவருக்கு எதிராக ஊகிக்கலாம். உத்தரப் பிரதேச முன்னாள் முதல்வர் என்.டி. திவாரி ஒரு தந்தைமை வழக்கில் மாதிரி கொடுக்காமல் பல வருஷம் தட்டிக் கழித்தார். கடைசியில் 2012 மே மாதம் ரத்தம் எடுத்தார்கள், ஜூலையில் அவர்தான் தந்தை என்று முடிவு வந்தது.

ஒரு கண்ணி உண்டு. குழந்தை பிறந்த காலத்தில் தாய் வேறொருவருடன் சட்டப்படி திருமண பந்தத்தில் இருந்தால், அந்தக் கணவர்தான் தந்தை என்று அதே சாட்சியச் சட்டத்தின் 116-ஆவது பிரிவு முடிவு கட்டுகிறது. விவாகரத்தாகி 280 நாளுக்குள், மறுமணம் செய்யாமல் இருக்கையில் பிறந்தாலும் அதேதான். அந்தக் கணவரோடு சேரவே வாய்ப்பில்லை என்று நிரூபித்தால்தான் வழி. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி கறாராகச் சொன்னது. இதை வக்கீலிடம் மறைத்தவர்கள்தான் பாதியில் தடுக்கி விழுகிறார்கள்.

படி 6: தீர்ப்புக்குப் பிறகு

ஜீவனாம்ச உத்தரவு வந்ததாலேயே சொத்துப் பங்கு வந்துவிடாது. இந்து வாரிசுரிமைச் சட்டம், திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தையைத் தாயோடுதான் உறவாக்குகிறது. செல்லாத திருமணத்தில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோரின் சொத்தில் உரிமை உண்டு, 2023-இல் உச்ச நீதிமன்றம் அதை விரிவாக விளக்கியது. ஆகவே கோயிலில் மாலை மாற்றிய கதை இருந்தால் அதையும் வக்கீலிடம் சொல்லுங்கள். சொத்துக்கு, குடும்ப நல நீதிமன்றத்தில் தனியாகத் தந்தைமை அறிவிப்பு கேட்க வேண்டியிருக்கும்.

உத்தரவு கையில் வந்ததும் சான்றிட்ட நகல் குறைந்தது மூன்று வாங்குங்கள். ஒன்று பிறப்புப் பதிவாளருக்கு, ஒன்று பள்ளிக்கு. மூன்றாவதை லேமினேட் பண்ணாமல் வையுங்கள். லேமினேட் பண்ணினால் பின்னாடி முத்திரையைச் சரிபார்க்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.