தடுப்பூசிக்கு முன்னால் வைட்டமின் டி ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது?

பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. ஃப்ளூ தடுப்பூசிக் காலம் வந்தால், கையை நீட்டிக்கொண்டே பலர் கேட்பது ஒன்றுதான்: "வைட்டமின் டி கம்மியா இருந்தா ஊசி வேலை செய்யாதாமே?" மருந்து எழுதித் தருவது என் வேலை இல்லை. ஆனால் அந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று சொல்ல முடியும்.

முதலில், டி-க்காக ஊசித் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். மாத்திரை ஆரம்பித்தபின் ரத்த அளவு ஏறி ஒரு நிலைக்கு வர சுமார் மூன்று மாதம் ஆகும். அதற்குள் சீசனே முடிந்துவிடும்.

இந்தச் சந்தேகம் காரணம் இல்லாமல் வந்ததல்ல. கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களிலும், ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்கும் புரதம்) தயாரிக்கும் பி செல்கள் தூண்டப்படும்போது அவற்றிலும் வைட்டமின் டி ஏற்பி, அதாவது டி வந்து ஒட்டிக்கொள்ளும் இடம், இருக்கிறது. 2018இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, குறைபாடு உள்ளவர்களில் ஊசிக்குப் பிறகு ஃப்ளூ வைரஸின் எச்3என்2, பி வகைகளுக்கு எதிராகப் போதிய ஆன்டிபாடி வந்தவர்கள் குறைவாக இருந்தார்கள். எச்1என்1 என்ற இன்னொரு வகையில் அப்படி வித்தியாசம் இல்லை. ஆனால் டி குறைவாக இருப்பவர் பெரும்பாலும் யார்? வயதானவர், உடல் பருமன் உள்ளவர், நோயால் வீட்டுக்குள்ளேயே இருப்பவர். இவர்களுக்கு ஊசியின் பலன் வேறு காரணங்களாலும் குறையலாம். பழியை டி மீது மட்டும் போட முடியாது.

மாத்திரை கொடுத்தே பார்த்தார்கள். பிரிட்டனில் நடந்த கொரோனாவிட் ஆய்வில், டி குறைவாக இருந்தவர்களுக்கு தினம் 800 அல்லது 3,200 யூனிட் கொடுத்தும், கோவிட் ஊசிக்குப் பிந்தைய ஆன்டிபாடியிலோ தொற்றிலோ மாற்றம் தெரியவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. வைட்டமின் டி நோய் எதிர்ப்பை முடுக்கிவிட மட்டும் செய்வதில்லை, அடக்கவும் செய்யும். ஆய்வுக்கூடத்தில் அதன் செயல்படும் வடிவத்தைச் சேர்த்தால் பி செல்களின் ஆன்டிபாடி உற்பத்தி குறையவே செய்கிறது.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். கேட்க வேண்டிய டெஸ்ட் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. 1,25 என்று தொடங்குவது வேறு. குறைபாடு இருக்கும்போதும் அது நார்மலாக வரும். அடுத்து, எண்ணைப் பார்ப்பதற்கு முன் அலகைப் பாருங்கள். 45 என்று வந்ததும் நிம்மதியாகக் கிளம்பிய ஒருவரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறேன். அது லிட்டருக்கு இத்தனை நானோமோல் (nmol/L) என்ற கணக்கு. மில்லிலிட்டருக்கு நானோகிராம் (ng/mL) கணக்கில் வெறும் 18. (2.5ஆல் வகுக்க வேண்டும்.) மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும், 12க்குக் கீழே குறைபாடு. இது அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2011இல் சொன்ன அளவு.

காய்ச்சலோடு வந்து டெஸ்ட் கொடுக்காதீர்கள், உடம்பில் அழற்சி இருக்கும்போது அளவு இறங்கிக் காட்டும். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில கருவிகளில் அது டி அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும்.

குறைபாடு இருந்தால் சரிசெய்யுங்கள், எலும்புக்காகவே. கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாட்டோடு மாத்திரையை எடுத்தால் நன்றாக உறிஞ்சப்படும். பெரியவர்களின் தினசரித் தேவை 600 யூனிட், 70 வயதைத் தாண்டினால் 800. மருத்துவர் சொல்லாமல் 4,000ஐத் தாண்ட வேண்டாம். அளவுக்கு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தாகம், சிறுநீரகக் கல் என்று போகும்.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. ஹெபடைடிஸ் பி ஊசி பலித்ததா என்று டி அளவை வைத்து ஊகிக்க வேண்டியதில்லை. கடைசி டோஸ் போட்டு ஒன்று, இரண்டு மாதத்தில் ஆன்டி-எச்பிஎஸ் டெஸ்ட் (ஹெபடைடிஸ் பி-க்கு எதிரான ஆன்டிபாடியை அளப்பது) எழுதச் சொல்லுங்கள். மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் (mIU/mL) அல்லது அதற்கு மேல் வந்தால் பாதுகாப்பு இருக்கிறது. குறைந்தால் மறுபடி ஊசி போடுவது பற்றி உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் பேசுங்கள்.