கறவை மாட்டின் வீக்கமும் காய்ச்சலும்: நம் மலையில் நாம் செய்யும் தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு மூன்று கறவை மாடுகள். மூன்றும் ஜெர்சி கலப்பு. அதில் செவலைக்கு இப்போது மூன்று காம்பில்தான் பால். நாலாவது காம்பு என் அவசரத்தால் போனது.

தை மாதம், உறைபனி விழுந்த ஒரு காலை. கறக்க உட்கார்ந்து வலது பின்காம்பைத் தொட்டேன், சுட்டது. மடியில் அந்தப் பக்கம் மட்டும் கல்லாக இறுகிச் சிவந்து கிடந்தது. முதல் பீய்ச்சலில் தயிர்க்கட்டி மாதிரி திரிதிரியாக வந்தது. பக்கத்தில் ஊசி போடுகிற ஒருவரைக் கூப்பிட்டோம், போட்டார். சாயங்காலமே வீக்கம் வற்றி, மாடு தவிட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டது. எங்களுக்குப் பெரிய நிம்மதி. மூன்றாம் நாள் வீக்கம் திரும்பி வந்தது, அப்புறம் இறங்கவே இல்லை. கடைசியில் வந்த கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது, என்ன ஊசி போட்டீர்கள் என்று. குப்பையில் கிடந்த குப்பியை எடுத்துக் காட்டினேன். டெக்ஸாமெத்தசோன், ஸ்டீராய்டு.

வந்திருந்தது மடிநோய். அன்று அவர் விளக்கியதை அதற்குப் பிறகு நிறையப் படித்துத் தெரிந்துகொண்டேன். காம்புத் துவாரம் வழியாகக் கிருமி ஏறியதும் மடி அபாயச் செய்தி அனுப்புகிறது. அங்குள்ள ரத்தக்குழாய்கள் விரிந்து கசிகின்றன. ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் கூட்டமாக மடிக்குள் இறங்கிக் கிருமியை விழுங்குகின்றன. சூடு, சிவப்பு, வீக்கம், வலி எல்லாம் அந்தச் சண்டையின் அடையாளங்கள். திரிதிரியாக வந்ததில் செத்த வெள்ளணுக்களும் உறைந்த பால் புரதமும் இருக்கின்றன. நல்ல மடியின் பாலில் ஒரு மில்லிக்கு 2 லட்சத்துக்கும் குறைவான அணுக்களே இருக்கும். மடிநோயில் அது பல லட்சமாக ஏறும். ரத்தத்தின் உப்பும் பாலுக்குள் கசிவதால்தான் மடிநோய்ப் பால் உப்புக் கரிக்கிறது.

ஸ்டீராய்டு அந்த வெள்ளணுக்களின் கையைக் கட்டிப்போடுகிறது. வீக்கம் வற்றும், மாடு தெளிச்சியாகத் தெரியும், கிருமி மட்டும் தடையில்லாமல் பெருகும். நிறைசினை மாட்டுக்குப் போட்டால் கரு கலைந்து கன்று வீசிவிடவும் கூடும். மருத்துவர் பார்த்து, காரணம் இருந்து போடுவது வேறு விஷயம். வீக்கம் குறைய வேண்டும் என்பதற்காக மட்டும் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

அதற்காக வலியைத் தாங்கட்டும் என்று விட்டுவிடச் சொல்லவில்லை. ஸ்டீராய்டு அல்லாத வலிமருந்துகள் இருக்கின்றன, பெரும்பாலும் மெலாக்சிகாம் தருவார்கள். நீலகிரிக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் போடுவதை 2006-லேயே தடை செய்துவிட்டார்கள். 2023-இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. இந்த மருந்துகளில் ஒன்று உடம்பில் இருக்கும்போது மாடு இறந்து, அந்தச் சடலத்தைத் தின்றால், பாறுக் கழுகு சிறுநீரகம் கெட்டுச் சாகிறது. நமக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. மனிதருக்கு வாங்கிய டைக்ளோஃபெனாக்கை மாட்டுக்குப் போடுகிற பழக்கத்தை தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

மடிநோயில் இன்னொரு தவறு, ஆன்டிபயாடிக் போட்டு இரண்டாம் நாள் வீக்கம் இறங்கியதும் நிறுத்திவிடுவது. மருத்துவர் சொன்ன நாள் கணக்கை முடிக்க வேண்டும். மருந்து லேபிளில் போட்டிருக்கும் நாள்வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்துப் பூசும் முறையைப் பலரும் செய்கிறார்கள், நானும் செய்கிறேன். ஆனால் பால் தண்ணீர் மாதிரி வந்து, மாடு படுத்துவிட்டு, காது சில்லென்று இருந்தால் பூச்சுக்கு நேரமில்லை. கோலிஃபார்ம் கிருமியின் நஞ்சுக்கு உடம்பு முழுக்கக் கொதித்தெழுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது சில மணி நேரத்தில் மாடு போய்விடும்.

ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீய்ச்சலைக் கறுப்பு டைல்ஸ் துண்டில் விட்டுப் பார்த்தால் திரி உடனே தெரியும். கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்குங்கள், தீவனத்தை அப்போது போடுங்கள். காம்புத் துவாரம் மூட அரை மணிக்கும் மேல் ஆகும். அதுவரை மாடு நின்றபடி தின்னட்டும். நாங்கள் முன்பு கறக்கும்போதே தீவனம் வைத்துவிடுவோம். கறந்து முடித்ததும் மாடு ஈரத்தரையில் படுத்துவிடும்.

கன்று ஈன்றதும் நடக்கும் தவறு இதைவிட எனக்கு வருத்தம் தருகிறது. நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் சீம்பால் கொடுக்க வேண்டும் என்று இன்னும் எத்தனையோ வீட்டில் காத்திருக்கிறார்கள். பசுவின் ரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள் கருப்பையில் கன்றுக்குப் போய்ச் சேராது. மனிதக் குழந்தைக்குக் கிடைப்பதுபோல் அதற்குக் கிடைப்பதில்லை. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. சீம்பாலில்தான் அது எல்லாம் இருக்கிறது. அதைக் கன்றின் குடல் அப்படியே உறிஞ்சி ரத்தத்தில் சேர்ப்பது முதல் சில மணி நேரம்தான். மணிக்கு மணி அந்தக் கதவு சாத்திக்கொண்டே வரும், 24 மணி நேரத்தில் மூடிவிடும். 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர் என்று எடையில் பத்தில் ஒரு பங்கு வேண்டும். அதில் பெரும்பகுதி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். பக்கத்து வீடுகளுக்குச் சீம்பால் கொடுப்பது நல்ல வழக்கம்தான், கன்று குடித்து மிஞ்சியதைக் கொடுங்கள். அதைக் காய்ச்சிக் கன்றுக்கு ஊட்டவும் வேண்டாம், கொதித்தால் எதிர்ப்புப் பொருள் கெட்டுவிடும்.

நஞ்சுக்கொடி விழாவிட்டால் செருப்போ கல்லோ கட்டித் தொங்கவிடுகிறோம், அல்லது கையை விட்டு இழுக்கிறோம். கருப்பை கிழியும், ரத்தம் கொட்டும், சீழ் பிடிக்கும். நஞ்சுக்கொடியை அன்னியப் பொருளாக அடையாளம் கண்டு கழற்றிவிடுவதில் வெள்ளணுக்களுக்கும் பங்கு உண்டு. ஈனுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று வாரம் அந்த அணுக்கள் சோர்ந்திருக்கும். கால்சியமும் தீவனமும் குறைந்தால் இன்னும் சோரும். ஆகவே பார்க்க வேண்டியது சினையின் கடைசி மாதத் தீவனத்தை, தாது உப்பை. 12 மணி நேரம் தாண்டியும் விழவில்லை என்றால் மருத்துவருக்குச் சொல்லுங்கள், இழுக்க வேண்டாம்.

தடுப்பூசி விஷயத்தில் இரண்டு புகார் அடிக்கடி காதில் விழுகிறது. ஊசி போட்டதும் பால் குறைந்தது, ஊசி போட்டும் காணை (கோமாரி) வந்துவிட்டது. முதலாவது உண்மை. உடம்பு ஊசிக்குப் பதில் கொடுக்கிறது, லேசான காய்ச்சல் வரும், இரண்டு மூன்று நாளில் பால் திரும்பிவிடும். இரண்டாவதற்குக் காரணம் பல இடத்தில் நாம்தான். பக்கத்து ஊரில் மாடு நுரை தள்ளுகிறது என்று தெரிந்த பிறகு ஓடுகிறோம். எதிர்ப்பு உருவாக இரண்டு மூன்று வாரம் ஆகும். காய்ச்சலில் இருக்கும் மாட்டுக்கும், சந்தையிலிருந்து லாரியில் வந்து இறங்கிய மாட்டுக்கு அன்றே போடுவதும் வீண். கன்றுக்கு 4 மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

நம் மலைக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. கேரட் கழுவும் இடங்களிலிருந்து ஒதுக்கிய கேரட்டும் உருளையும் சும்மா கிடைக்கிறதே என்று கூடைகூடையாகக் கொட்டுகிறோம். திடீரென்று அதிகமாகத் தின்றால் வயிறு புளித்து, அங்கே சாகும் கிருமிகளின் நஞ்சு ரத்தத்தில் ஏறுகிறது. சில நாளில் மாடு நொண்டும். குளம்பின் உள்ளே வீங்கியிருக்கும், வெளியே ஒரு காயமும் இருக்காது. நாம் முள் குத்தியதா என்று தேடுவோம். உருளையை நறுக்கிப் போடுங்கள், எதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், புல்லைக் குறைக்காதீர்கள்.

குளிருக்குப் பயந்து கொட்டகையைச் சுற்றிலும் தார்ப்பாய் கட்டி அடைத்துவிடுவதும் அப்படித்தான். மூத்திர நெடி தேங்கி மூச்சுக்குழாயை அரிக்கும், கன்றுகளுக்கு நிமோனியா அதனால் வரும். காற்று அடிக்கிற பக்கம் மட்டும் கட்டி, கூரையோரம் திறந்துவிடுங்கள். கன்றுக்குக் காய்ந்த புல்லை முழங்கால் மறைய விரித்துவிட்டால் போதும்.

அப்புறம், ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கொட்டகையில் வையுங்கள். காதைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பது மலைக்குளிரில் சரிவராது. ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் 101 முதல் 102.5 டிகிரி வரை சரி. 103-ஐத் தாண்டினால் காய்ச்சல். நோயுற்ற மாட்டுக்கு 100-க்குக் கீழே இறங்கினால் அது இன்னும் அபாயம். 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ மருத்துவருக்கோ போன் செய்யும்போது அந்தக் காய்ச்சல் அளவைச் சொல்லுங்கள். எந்தக் காம்பு, பால் திரியா தண்ணீரா, ஈன்று எத்தனை நாள், அதற்கு முன் யார் என்ன ஊசி போட்டார்கள் என்றும் சொல்லுங்கள். குப்பியைத் தூக்கி எறியாமல் எடுத்து வையுங்கள்.