பெடல் ஸ்டீலுக்கு பிக்கப் மாத்தின கதை

ஆஸ்டின்ல செகண்ட் ஹேண்டா வாங்கின 10 கம்பி E9 ட்யூனிங் பெடல் ஸ்டீல் (உக்காந்து வாசிக்குற, கால் பெடலால சுருதி மாத்துற கிட்டார்), ஒருநாள் திடீர்னு சத்தம் சன்னமாகி வெறும் டின் மாதிரி கேக்க ஆரம்பிச்சுது. ஆம்ப், கேபிள், வால்யூம் பெடல் எல்லாம் மாத்தி மாத்தி பாத்துட்டு கடைசியா பிக்கப்ப, அதாவது கம்பி அதிர்வ மின் சிக்னலா மாத்துற பாகத்த, கழட்டி மீட்டர் வெச்சேன், முன்னாடி 18 கிலோ ஓம் கிட்ட காட்டுனது இப்ப ரீடிங்கே இல்ல, உள்ள தலைமுடிய விட மெல்லிசான காயில் கம்பி அறுந்து போயிருக்கு.

திரும்ப ஒரே காயில் இருக்குற சிங்கிள் காயில் பிக்கப்பே போடலாமா, இல்ல ரெண்டு காயில் சேந்து இரைச்சல அடக்குற ஹம்பக்கரா? சிங்கிள் காயிலோட அந்த கண்ணாடி மாதிரி டோன் எனக்கு உயிர், ஆனா டிம்மர் லைட் இருக்குற எடத்துல உக்காந்தா 60 ஹெர்ட்ஸ் இரைச்சல், ஸ்டீல வேற கோணத்துல திருப்பி வெச்சாதான் கொஞ்சம் அடங்கும். அதுக்கும் மேல, வால்யூம் பெடல பின்னாடி இழுத்தா ட்ரெபிள் செத்துடும். அதனால ஹம்பக்கருக்கே போயிட்டேன், ஜார்ஜ் எல்ஸ் கம்பெனியோட இ-66 மாடல். ஓம் கூடுனா நல்ல பிக்கப்னு மட்டும் நம்பிடாதீங்க, காந்தம், காயில் கம்பியோட கனம், எத்தன சுத்து எல்லாமே சேந்துதான் டோன்.

வாங்குறதுக்கு முன்னாடி பாடில இருக்குற குழியோட அகலம், ஸ்க்ரூ ஓட்டைங்க தூரம் ரெண்டையும் அளந்துக்கோங்க, பிராண்டுக்கு பிராண்டு மாறும். நான் அளந்துட்டுதான் வாங்கினேன், அப்படியே உக்காந்துச்சு. சால்டர் பண்ணிட்டு, கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவுல ரெண்டு அமெரிக்க குவார்ட்டர் (25 சென்ட்) காசு நுழையுற இடைவெளி விட்டேன், அப்புறம் 3வது கம்பி கொஞ்சம் கூர்மையா குத்துச்சு, பிக்கப்போட ட்ரெபிள் பக்கத்து ஸ்க்ரூவ அரை சுத்து எறக்கினேன். இப்ப அந்த 3வது கம்பி ஜி ஷார்ப்ப, கையில புடிக்குற ஸ்டீல் பார் வெச்சு இழுத்தா அழுவுது, இரைச்சலே இல்ல.